மிளகாய் இல்லாத ரொட்டி

"ஐயா, உங்க டோக்கன் நம்பர் என்ன?"

"நாற்பத்தொண்ணும்மா."

"என்னோடது நாற்பத்தாறு. நான் பாதி தின்னே முடிச்சாச்சு! உங்களுக்கு இன்னும் வரலையா?"

கேட்டது பக்கத்து மேஜை நர்ஸ். கையில் கடித்த ரொட்டி, கண்ணில் நியாயம்.

பெரியவர் தூணுக்குப் பின்னால் இன்னும் கொஞ்சம் ஒடுங்கிக்கொண்டார். "வரும்மா. அவசரமில்லை."

வியட்நாம் ரொட்டிக் கடை அது. நான்கு மேஜை, பதினொரு நாற்காலி. மொறுமொறுவென்ற நீள ரொட்டியின் வயிற்றைக் கீறி, முட்டை, ஊறவைத்த காரட், வெள்ளரிக்காய், மல்லித்தழை, பச்சை மிளகாய் எல்லாம் திணித்துத் தருவாள் கடைக்காரி. சுவரில் ஒரு பலகை: 'சாப்பிட்டவுடன் அடுத்தவருக்கு இடம் கொடுங்கள்.'

பெரியவர் நாற்பது வருஷம் லிஃப்ட் மெக்கானிக். லிஃப்ட் அரை நிமிஷம் தாமதமானால் ஜனங்கள் என்னென்ன திட்டுவார்கள் என்று காதால் கேட்டவர். அதனாலேயே எங்கே காத்திருந்தாலும் வாயைத் திறக்க மாட்டார். கணக்கு மட்டும் வைத்திருப்பார்.

இது பத்தொன்பதாவது சனிக்கிழமை. மற்றவர்களுக்கு ஆறு நிமிஷத்தில் ரொட்டி வரும். அவருக்கு, முதல் வாரம் தவிர, இருபத்தைந்துக்குக் குறைந்ததில்லை. மற்றவர்கள் ரொட்டியில் மிளகாய் ஐந்து துண்டு. அவருடையதில் ஒன்றுகூடக் கிடையாது.

காரணம் அவருக்குத் தெரியும். முதல் நாள் தின்றுவிட்டுக் கிளம்பும்போது, "கதவுக் கீல் கத்துதே, ஒரு சொட்டு எண்ணெய் விடக் கூடாதா?" என்று கேட்டுத் தொலைத்தார். தன் கடையைக் குறை சொன்னால் யாருக்குத்தான் பொறுக்கும்?

"வாரா வாரம் பார்க்கறேன் ஐயா, உங்களுக்கு மட்டும் ஓரவஞ்சனை. வாயுள்ள பிள்ளைதான் பிழைக்கும். இருங்க, நான் கேட்கறேன்."

"வேண்டாம்மா! எனக்குப் பசியே இல்லை."

"பசியில்லாமலா ரொட்டிக் கடைக்கு வந்தீங்க? காத்து வாங்கவா?"

 பெரியவர் எதிர்வரிசையில் இருந்த மூக்குக்கண்ணாடிக் கடையைப் பார்த்தார்.

அங்கேதான் அவர் மகள் வேலை செய்கிறாள். "இஷ்டத்துக்குக் கல்யாணம் பண்ணிக்கிட்டவ இந்த வாசப்படியை மிதிக்கக் கூடாது" என்று இவர் சொன்னார். அவளும் அப்பனுக்குத் தப்பாமல் பிறந்தவள். மிதிக்கவில்லை. இரண்டு வருஷம், நான்கு மாதம்.

ஒன்றேகால் மணிக்கு அவள் ஜன்னலுக்கு வருவாள். வரிசையாக மாட்டியிருக்கும் கண்ணாடிகளை ஒவ்வொன்றாகத் துடைத்து வைப்பாள். இளைத்திருக்கிறாளா, முகம் தெளிவாக இருக்கிறதா என்று இவர் இங்கிருந்து பார்த்துக்கொள்வார்.

இப்போது மணி ஒன்று பத்து. ஒரு மணிக்கு மேல் வந்தால் இந்தத் தூண் மேஜை கிடைக்காதென்று பன்னிரண்டு ஐம்பதுக்கே வந்துவிடுவார். ரொட்டி இப்போதே வந்தால் நாலு நிமிஷத்தில் தீர்ந்துவிடும். இரண்டு மாடிக்கு நடுவே லிஃப்டில் யாராவது மாட்டிக்கொண்டு கத்த, ஓட ஓட விழுங்கியே பழகியவருக்கு மென்று தின்னத் தெரியுமா? தீர்ந்தால் எழுந்துவிட வேண்டும். பலகை இருக்கிறது.

கடைக்காரியின் கோபத்துக்கு இத்தனை வாரமும் அவர் உள்ளுக்குள் கும்பிடு போட்டுக்கொண்டிருந்தார். இந்த நர்ஸ் நியாயம் வாங்கிக் கொடுத்தே கெடுத்துவிடுவாள் போலிருக்கிறதே!

அதற்குள் அவள் கல்லாவுக்குப் போய்விட்டாள்.

"ஏம்மா, வயசானவர்னா இளப்பமா? அவருக்குப் பின்னாடி வந்த அஞ்சு பேருக்குக் குடுத்தாச்சு. அவர் என்ன பாவம் பண்ணினார்?"

"மெதுவாப் பேசுங்க சிஸ்டர். அவரோடது எப்பவோ ரெடி. உள்ளே சூடா வெச்சிருக்கேன்."

"ரெடியா? அப்புறம் ஏன் குடுக்கலே? ஒரு மிளகாய்கூட வைக்க மாட்டேங்கறே! அதுலயுமா கஞ்சத்தனம்?"

நாலு மேஜையும் திரும்பிப் பார்த்தது. பெரியவருக்குக் காது மடல் சுட்டது. எழுந்து போய்விடலாமா என்று பார்த்தார்.  இன்னும் மூன்று நிமிஷம்.

கடைக்காரி ஒரு தடவை கடிகாரத்தைப் பார்த்தாள். பிறகு, கம்பியில் குத்தியிருந்த ஆர்டர் சீட்டுகளுக்கு அடியிலிருந்து எண்ணெய் படிந்த ஒரு சீட்டை உருவி, பேசாமல் நர்ஸிடம் நீட்டினாள்.

நர்ஸ் அதை இரண்டு தடவை படித்தாள். திரும்பி வந்தாள். சீட்டைப் பெரியவர் முன்னால் வைத்தாள்.

"மன்னிச்சுக்கோங்க ஐயா. முந்திரிக்கொட்டை மாதிரி நான்தான்..." மீதி ரொட்டியைத் தாளில் சுற்றிக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

பெரியவர் சீட்டை எடுத்தார். எழுத்துகளின் வாலை அடுத்த வரிவரை இழுக்கும் கையெழுத்து. சின்ன வயதில் அவர் எத்தனை தடவை சொல்லியும் குறையாத வால்.

'அக்கா, சனிக்கிழமை தூணுக்குப் பின்னாடி உட்கார்றவர் எங்கப்பா. நான் பார்க்கலைன்னு நினைச்சிட்டிருக்கார், அப்படியே இருக்கட்டும். வயித்துப் புண் இருக்கு, மிளகாய் வேண்டாம். ஒண்ணேகாலுக்கு முன்னாடி ரொட்டியைக் குடுத்துடாதீங்க. தின்னதும் கிளம்பிடுவார். எனக்கு அப்பதான் ஜன்னல் பக்கம் வர முடியும்.'

கடைக்காரி வந்து ரொட்டித் தட்டை வைத்தாள். மணி ஒன்றேகால்.

பெரியவர் எழுந்து, நாற்காலியைத் தூணை விட்டு வெளியே இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.