எதிர் நாற்காலி

“மறுபடியும் பூவைத் திருப்பி வெச்சிருக்கீங்களே, சார்!” என்றார் டீச்சர்.

நீலச்சட்டைக்காரர் அசட்டுச் சிரிப்புடன் தலையைக் குனிந்துகொண்டார். சனிக்கிழமை நடக்கும் ஜப்பானியப் பூ அலங்கார வகுப்பில் மூன்று மாதமாக இதே பாட்டுதான். அடுக்குகிறவர் எந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கிறாரோ, அந்தப் பக்கம் பூவின் முகம் இருக்க வேண்டும் என்பது டீச்சர் சொல்லிக் கொடுத்த முதல் பாடம். இவர் வைக்கும் பூ மட்டும் எதிரே இருப்பவரைப் பார்க்கும்.

எதிரே இருப்பவள் தையல்காரி.

“பாத்தியா? பூ உன்னையேதான் பாக்குது.” பக்கத்தில் இருந்த அண்ணி முழங்கையால் இடித்தாள். “ஆள் ஊமைக்கோட்டான். வாயைத் தொறக்காம பூவைத் தூது விடறாரு.”

“சும்மா இருங்க அண்ணி, காதுல விழப்போகுது.”

“விழட்டும். நாப்பத்துமூணு வயசுல இன்னும் என்னடி வெக்கம்?”

“வேலை, பேரு, வயசு எல்லாத்தையும் செருப்போட வெளியே விட்டுட்டு வாங்க” என்பது டீச்சரின் சட்டம். அதனால் அங்கே யாருக்கும் யாரைப் பற்றியும் தெரியாது. தையல்காரி மட்டும் முதல் நாளே கழுத்தில் அளவு நாடாவோடு வந்து மாட்டிக்கொண்டாள்.

இன்னொரு சட்டமும் உண்டு. கடையில் பூ வாங்கக் கூடாது. அவரவர் வீட்டில் வளர்வதைத்தான் கொண்டுவர வேண்டும். தையல்காரி பின்கட்டு மாதுளையிலிருந்து ஒரு நல்ல கிளையாக ஒடித்து வந்திருந்தாள். வளைந்த கிளை, ஒரு பூ, இரண்டு மொக்கு. எந்த இடத்தில் வெட்டுவது என்று கத்தரியை வைத்துக்கொண்டு யோசித்தபடியே இருந்தாள்.

“துணின்னா கண்ணை மூடிக்கிட்டு வெட்டறீங்க. கிளைன்னா கை நடுங்குதா?” என்றார் டீச்சர்.

“துணி போச்சுன்னா வேற துணி வாங்கிக்கலாம் டீச்சர். இது எங்க வீட்டு மாதுளை.”

வகுப்பே சிரித்தது. நீலச்சட்டைக்காரரும் சிரித்தார். அந்தச் சிரிப்பு கொடுத்த தைரியத்தில், வகுப்பு முடிந்து எல்லோரும் கிளைகளை, அவற்றைக் குத்தி நிறுத்தும் ஆணித்தட்டிலிருந்து பிடுங்கிக்கொண்டிருந்தபோது, அவள் கேட்டேவிட்டாள்.

“நீங்க ஏன் எப்பவும் இந்தப் பக்கம் பாத்த மாதிரியே வெக்கறீங்க?”

அவர் மேஜையில் சிந்திய தண்ணீரை நிதானமாகத் துடைத்தார்.

“வேலை செய்யற இடத்துல, மேஜை மேல வெக்கறதுக்காகத்தான் இதைக் கத்துக்க வந்தேன். எதிர்ல உக்கார்றவங்களுக்குக் கண்ணை வெக்க ஒரு இடம் வேணும் இல்லையா? என் மூஞ்சியையே எவ்வளவு நேரம் பாத்துக்கிட்டிருப்பாங்க?”

“பாக்க முடியாத மூஞ்சி ஒண்ணும் இல்லையே” என்று சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள். அண்ணி செருமினாள். “தினமும் வெப்பீங்களா?” என்று தையல்காரி அவசரமாகப் பேச்சை மாற்றினாள்.

“இல்ல. தேவைப்படற அன்னைக்கு மட்டும்.” அவர் மாதுளைக் கிளையையே பார்த்தார். “இந்த வாரம் ஒரு நாள் தேவைப்படும். எங்க பால்கனிச் செம்பருத்தி ஒரு நாள்கூடத் தாங்காது. உங்களுக்கு வேண்டாம்னா…”

அவர் முடிப்பதற்குள் அவள் ஈரச் செய்தித்தாளில் கிளையைச் சுருட்டிவிட்டாள். வெட்டவே மனசு வராத கிளை.

தெருவுக்கு வந்ததும் அண்ணி ஆரம்பித்தாள். “கிளையோட நிறுத்திட்டியே! விட்டா மரத்தையே பேத்துக் குடுத்திருப்பே.”

“அண்ணி!”

“சரி, சரி. நாளை மறுநாள் ரிசல்ட் வாங்கப் போகணும். ஞாபகம் இருக்கா, இல்ல அதையும் பேப்பர்ல சுருட்டிக் குடுத்துட்டியா?”

தையல்காரியின் விரல் தானாகக் கழுத்துக்குப் போனது. போன மாதம் அளவு நாடாவை மாட்டும்போது தட்டுப்பட்ட கட்டி. ஒரு புளியங்கொட்டை அளவுதான். வலியும் இல்லை. பத்து நாளுக்கு முன்னால் ஆஸ்பத்திரி லேப்பில் ஊசியால் குத்திச் சோதனைக்குக் கொஞ்சம் எடுத்திருந்தார்கள்.

“ஒண்ணும் இருக்காது, அண்ணி.”

“இருக்காதுதான். அந்தக் கவர் கையில வரட்டும். அடுத்த சனிக்கிழமை அந்த மனுஷன்கிட்ட நானே நேரா பேசிடறேன்.”

வேண்டாம் என்று அவள் சொல்லவில்லை.

திங்கட்கிழமை ஆஸ்பத்திரிக் கவுண்டரில் வேலை மளமளவென்று நடந்தது. டோக்கன் எண்ணைக் கூப்பிட்டார்கள். ஒவ்வொருவராகப் போய்க் கவரை வாங்கிக்கொண்டு நடையைக் கட்டினார்கள். தையல்காரியின் முறை வந்தபோது, கவுண்டரில் இருந்த பெண் கம்ப்யூட்டரை ஒரு தடவைக்கு இரண்டு தடவை பார்த்தாள்.

“நீங்க ஏழாம் நம்பர் ரூமுக்குப் போங்கம்மா.”

“கவர்?”

“டாக்டர்கிட்ட இருக்கு. அவரே உங்ககிட்ட பேசுவார்.”

அண்ணி கைப்பையை மார்போடு அணைத்துக்கொண்டு பின்னாலேயே வந்தாள்.

தையல்காரி கதவைத் தள்ளினாள்.

“வாங்க, உக்காருங்க” என்று கையிலிருந்த ஃபைலைப் பார்த்தபடியே சொன்ன டாக்டர் நிமிர்ந்தார். வெள்ளைக் கோட்டுக்குள் நீலச்சட்டை. ஃபைலில் இருந்த பெயரையும் அவள் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

மேஜை மேல் ஒரு தட்டைக் கிண்ணம். அதில் அவள் வீட்டு மாதுளைக் கிளை, எதிரே இருந்த காலி நாற்காலியைப் பார்த்தபடி நின்றது.

அவள் உட்கார்ந்தாள். கண்ணை வைக்க ஓர் இடம் இருந்தது.