ஐந்தாவது செலவு

நான் கடையில் வடை வாங்கித் தின்றுகொண்டிருந்தபோது என் மனைவி மஞ்சரி போன் செய்தாள்.

“வெயில்ல தலை சுத்துதுங்க. ஆட்டோவுல வந்துரட்டுமா?”

இப்போதெல்லாம் ரொக்கத்தை யாரும் வாங்குவதில்லை. எங்கள் கூட்டுக் கணக்கிலிருந்து இருவருக்கும் சேர்த்து ஒரு நாளைக்கு நான்கு முறை இலவசமாகப் பணம் செலுத்தலாம். ஐந்தாவதற்கு வங்கிக் கட்டணம் ஐந்நூறு ரூபாய்.

“நாலும் முடிஞ்சுபோச்சும்மா. நிழலாப் பாத்து நடந்து வாயேன்.”

“நாலாவதா என்ன வாங்குனீங்க?”

“வடை.”

“நல்லா இருப்பீங்க!” என்று சிரித்தாள். “எனக்கும் ஒண்ணு வைங்க.”

பாலத்தடியில் மயங்கி விழுந்தவளை யாரோ ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். நான் ஆட்டோவில் விரைந்தேன். அதுதான் ஐந்தாவது செலவு. அதற்குள் அவள் இறந்திருந்தாள்.

கணக்கில் இப்போது நான் மட்டும்தான். பல நாட்கள் எதுவும் வாங்குவதில்லை. இலவசம் இன்னும் நாளொன்றுக்கு நான்குதான்.