அம்மா என்றால் வலி

ஸ்கேன் படத்தில் ரத்தக்குழாய்கள் தெரிவதற்கான மருந்தைச் செலுத்தும் ஊசி இயந்திரம் இரண்டாவது முறையும் பாதியில் நின்றுவிட்டது. ‘நோயாளிக்கு வலி’ என்று திரை காட்டியது. வலியில் யார் குரல் கொடுத்தாலும் அது தானாக நிற்க வேண்டும் என்பது இப்போது சட்டம். ஆனால் கண்ணாடிக்கு அப்பால், ஸ்கேன் மேசையில் படுத்திருந்த லாரி டிரைவர் நயினார் சாதாரணமாகத்தான் இருந்தார். ஸ்கேன் எடுக்கும் மெர்லினுக்கு ஒன்றும் புரியவில்லை.

“அண்ணாச்சி, வலிக்குதா?” என்று மைக்கில் கேட்டாள்.

“இல்லம்மா. கை வழியா சூடா ஓடுது, அவ்வளவுதாம்மா.”

திரையில் ‘வலி’ இரண்டு முறை மின்னியது. அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

“நீங்க என்னைய அம்மாங்கிறத, வலியில கத்துறீங்கன்னு மிஷினு நெனச்சுக்கிடுது.”

“நல்ல கூத்தா இருக்கே! பொறவு ஒன்ன மரியாதையில்லாம ‘ஏட்டி’ன்னா கூப்பிட முடியும்?”

மெர்லின் சிரித்துவிட்டாள். ஆனால் நுரையீரலில் ரத்தக்கட்டி இருக்கிறதா என்று இன்றே தெரிந்தாக வேண்டும். அவருடைய சிறுநீரகமோ இன்னும் ஒரே ஒரு முறைதான் அந்த மருந்தைத் தாங்கும்.

“ஸ்கேன் முடியுற வரைக்கும் வாயே தெறக்காதீங்க அண்ணாச்சி.”

இந்த முறை மருந்து முழுவதும் இறங்கியது. ‘வலி இல்லை’ என்றது திரை. படத்தில் மட்டும் ஒரு ரத்தக்குழாய்கூடத் துலங்கவில்லை. அவ்வளவு மருந்தும் எங்கே போனது? குழம்பிப்போய் உள்ளே ஓடினாள்.

ஊசி நரம்பைவிட்டு விலகி, மருந்தெல்லாம் சதைக்குள் இறங்கி, நயினாரின் முழங்கை வீங்கிப் பளபளத்தது. பல்லைக் கடித்துக்கொண்டு, கண்ணோரம் நீர் வழிய, அவர் அவளைப் பார்த்தார்.

“இப்பப் பேசலாமா?” என்று கேட்டார்.