கவிழ்த்துப் பிடி

சிமெண்டு மூட்டை இறக்கிவிட்டு வந்தவன் முகம்கூடக் கழுவாமல் சுவரோரம் உட்கார்ந்திருக்கிறான். சாயங்கால வெயில் ஜன்னல் வழியே அட்டைப்பெட்டிக்குள் விழுகிறது. உள்ளே, தாயை லாரிக்குப் பறிகொடுத்த நாலு நாய்க்குட்டிகள். வளர்க்க ஆள் கிடைக்கும்வரை பார்த்துக்கொள்வதாகச் சொல்லி, பிராணிகள் காப்பகத்தில் கூட்டிப் பெருக்கும் அவன் மனைவி நேற்றுதான் வாங்கி வந்தாள். மூன்று குட்டிகள் குடித்துவிட்டுத் தூங்குகின்றன. ஒரு கைப்பிடிகூடத் தேறாத நான்காவது, காலையிலிருந்து பாலைத் தொடவில்லை. பிள்ளைகளுக்குப் புட்டிப்பால் கொடுத்த பழக்கத்தில் அதை மடியில் மல்லாத்திப் போட்டு ரப்பரை வாயில் வைக்கிறான். குட்டி இருமுகிறது. மூக்கில் பால் குமிழியிடுகிறது.

"மல்லாத்தாதய்யா! பால் நெஞ்சுக்குள்ள போனா செத்துரும்னு காப்பகத்து டாக்டரம்மா படிச்சுப் படிச்சுச் சொன்னாங்க." அவள் ஈரக்கையோடு ஓடி வருகிறாள்.

"ரெண்டு பெத்து வளத்தவன்டி நான்."

"பெத்தது நான். கவுத்துப் பிடி."

மூக்கைத் துடைத்து, குட்டியை அவன் உள்ளங்கையில் குப்புற வைத்துவிட்டு, புட்டியை அவளே பிடிக்கிறாள். பகலெல்லாம் மூட்டை தூக்கிய கை நடுங்குகிறது. காய்ப்பேறிய தோலில் குட்டியின் வயிறு வெதுவெதுப்பாக ஒட்டுகிறது. வெகுநேரம் ஒன்றுமில்லை. பிறகு முன்னங்கால்கள் அவன் விரலை மிதிக்கின்றன, ரப்பர் இழுபடுகிறது.

"குடிக்குதுய்யா, பாரு."

அவனுக்குக் கண் சொருகிவிட்டது. நீட்டிய கை மட்டும் அசையாமல் நிற்கிறது.