எல்லாரும் திரும்பியபோது

"ஒருத்தர் பேசிட்டிருக்கும்போது கூட்டத்தைத் தன் பக்கம் இழுத்துக்கறதுக்கு இங்கிலீஷ்ல 'அப்ஸ்டேஜ்'னு பேரு" என்றார் ஆசிரியை. "நாடகக்காரங்க வார்த்தை. ஒரு நடிகர் மேடையில பின்னால போய் நின்னுக்குவார். மத்தவங்க அவர்கிட்டப் பேசணும்னா, ஜனங்களுக்கு முதுகைக் காட்டித்தான் ஆகணும். யாராவது ஒரு வாக்கியம் சொல்லுங்க."

சியோலில், ஆபீஸ் தொடங்குமுன் ஊழியர்களுக்கு நடக்கும் காலை ஏழு மணி ஆங்கில வகுப்பு. கூ என்ற இளைஞன் முந்திரிக்கொட்டை மாதிரி எழுந்தான்.

"திங்கட்கிழமை மேங் சார் மிரான் அக்காவை அப்ஸ்டேஜ் பண்ணார்."

வகுப்பே சிரித்தது. மேங் காபிக் கோப்பைக்குள் பார்வையைப் போட்டுக்கொண்டார்.

விஷயம் எல்லாருக்கும் தெரியும். ஹனோய் கிளைக்கு ஒருவரை அனுப்ப, ஆங்கிலத்தில் பேசிக் காட்டச் சொன்னார்கள். கடைசிச் சுற்றில் மேங்கும் மிரானும். ஏழு வருடமாக ஒரே நாற்காலியைத் தேய்த்த மிரானுக்கு இதை விட்டால் வேறு வழியில்லை.

மிரான் பேச்சின் நடுவே சற்று நிறுத்தினாள். அவ்வளவுதான், பின்வரிசையிலிருந்து மேங் எழுந்து, சந்தேகம் கேட்கிற சாக்கில் அளக்க ஆரம்பித்துவிட்டார். டைரக்டர் உட்பட அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். டைரக்டர் இரண்டு தடவை உட்காரச் சொல்லியும் மனுஷன் கேட்கவில்லை.

நேற்று முடிவு வந்தது. ஹனோய் மிரானுக்கு. மேங்குக்குக் கிடைத்தது, 'சபை நாகரிகம் தெரியாதவர்' என்ற குறிப்பு.

"நல்லா வேணும்" என்றான் கூ, எல்லார் காதிலும் விழும்படி.

மிரான் எழுந்தாள்.

"மிரான், விடுங்க. டைரக்டர் காதுக்குப் போச்சுன்னா உங்களுக்குத்தான் வம்பு" என்றார் மேங்.

"போகட்டும் சார். கூ, அவர் பேசினப்போ நான் என்ன பண்ணிட்டிருந்தேன்?"

"எனக்கெப்படித் தெரியும்க்கா? நாங்கதான் உங்களுக்கு முதுகைக் காட்டிட்டு இருந்தோமே."

"மனப்பாடம் பண்ணது அத்தனையும் மறந்துபோச்சுடா. கண்ணுல தண்ணி முட்டிடுச்சு. கையில இருந்த குறிப்புச் சீட்டெல்லாம் கீழ விழுந்துச்சு. நீங்க எல்லாரும் அந்தப் பக்கம் பாத்துட்டிருந்தப்போ, அதைப் பொறுக்கி அடுக்கி, மூஞ்சியைத் துடைச்சு, ஒரு வாய் தண்ணி குடிச்சேன்."

கூ மேங்கைப் பார்த்தான். அவர் இன்னும் கோப்பையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

மிரான் மேங்கின் பக்கம் கை காட்டினாள்.

"நான் தலையாட்டினதுக்கு அப்புறம்தான் அவர் உட்கார்ந்தார்."