அண்ணன் வேண்டாம் என்ற கிராபிக்ஸ் கார்டு

விழுப்புரம் கடைத்தெருவில் அந்தக் கம்ப்யூட்டர் கடையின் கண்ணாடிக் கதவு வழியாக மதிய வெயில் மேசைமீது விழுகிறது. அங்கே மதர்போர்டு, ராம் என்று கம்ப்யூட்டரின் பாகங்கள் இன்னும் பிரிக்காத பெட்டிகளில் இருக்கின்றன. பவுலின் ஒவ்வொன்றையும் விரலால் தொட்டுப் பார்க்கிறாள். கேம் ஆடுவதற்கென்றே, தன் சம்பளத்தில் மிச்சம் பிடித்து, அவள் வாங்கப்போகும் முதல் கம்ப்யூட்டர் இது. பக்கத்தில் அண்ணன் ஜூட் கைகட்டி நிற்கிறான். பள்ளிக்கூட நாளில் இதைத்தான் அப்பாவிடம் கேட்டுக் கேட்டு அழுதான், கிடைக்கவில்லை. பிரௌசிங் சென்டரில் தங்கைக்கு மவுஸ் பிடிக்கச் சொல்லிக்கொடுத்தவனும் அவன்தான். இப்போது கடைக்காரர் அவளைப் பார்த்தே பேசுகிறார். அவள் சொல்லும் பெயர்களில் பாதி அவனுக்குப் புரியவில்லை. வயிறு எரிகிறது.

கடைசியாகக் கிராபிக்ஸ் கார்டு வருகிறது. பவுலின் அதை இரண்டு கைகளாலும் வாங்குகிறாள். முகமெல்லாம் சிரிப்பு. “அது எதுக்கு? வேஸ்ட்டு. அது இல்லாமலே நல்லா ஓடும்” என்கிறான் ஜூட். சொல்வது பொய்யென்று அவனுக்குத் தெரியும். “இல்லீங்க, இது இல்லன்னா கேமு திக்கித் திக்கித்தான் ஓடும்” என்கிறார் கடைக்காரர். பவுலின் அண்ணனை ஏறிட்டுப் பார்க்கிறாள். “எங்கண்ணனுக்குத் தெரியும்ங்க. அவருகிட்டதான் எல்லாத்தையும் கத்துக்கினேன். வேணாம், எடுத்து வச்சிடுங்க.” கார்டு அலமாரிக்குத் திரும்புகிறது. ஜூட் கை நீட்டினால் எட்டும் தூரம்தான். பில் அடிக்கும் மெஷின் கரகரக்கத் தொடங்குகிறது. அவன் தெருவில் போகும் வளவனூர் பஸ்ஸையே பார்த்துக்கொண்டு நிற்கிறான்.