காலி இடம்

அந்தப் பனிமலைக் கிராமத்தின் தீத்திருவிழாவில் நாற்பத்திரண்டு வயதுக்காரர்கள் மரக்கோபுரத்தின் உச்சியில் ஏறிக்கொள்வார்கள். மற்றவர்கள் அதைக் கொளுத்தப் பந்தங்களோடு பாய்வார்கள். பச்சைப் பைன் கிளைகளை வீசி மேலேயிருப்பவர்கள் விரட்டுவார்கள். பனிச்சறுக்கு விளையாட வந்த வெளியூர்க்காரர்கள் பனிமேட்டில் நின்று படம் பிடிப்பார்கள்.

இந்த வருடம் ஹெய்சுகேயின் முறை. அவனோடு படித்த யசுஜி போன மாதம் பனிச்சரிவில் புதைந்தான். உடல் இன்னும் கிடைக்கவில்லை. உச்சியில் அவன் இடத்தைக் காலியாக விட்டிருந்தார்கள்.

மோதலில் ஹெய்சுகேயின் புருவம் கருகியது, இரண்டு பற்கள் போயின. பிறகு சண்டை முடிந்ததென்று கைதட்டினார்கள். எல்லோரும் இறங்கினார்கள், ஏணியை எடுத்தார்கள். இனி வழக்கப்படி காலிக் கோபுரத்தை எரிப்பதுதான் பாக்கி.

மேலேயிருந்து ஒரு கிளை பறந்து வந்து பந்தக்காரன் ஒருவனின் மூக்கை உடைத்தது.

"ஏன்டா, கை ஓஞ்சு போச்சா? வாங்கடா, ஒரு கை பாப்போம்."

பந்தக்காரர்களின் தலைவர் கன்சோ அண்ணாந்து பார்த்தார். "மேல எவன்டா?"

"நாங்க எல்லாரும் இங்கதான் நிக்கிறோம்ணே," என்றான் ஹெய்சுகே. "குரல் யசுஜியோடது."

கன்சோ தன் பந்தத்தை அவனிடம் நீட்டினார். "அப்ப நீயே வை. பாதியில விட்டா அவனுக்குப் புடிக்காது."

ஹெய்சுகே வைத்தான். கோபுரம் உச்சிவரை பற்றிக்கொண்டது. தீக்குள்ளிருந்து இன்னொரு கிளை வந்து அவன் நெற்றியைக் கிழித்து, காலடியில் விழுந்தது. அதன் மேல் பனி உருகாமல் இருந்தது.